எல்லாரையும் காப்பாற்ற முடியாத விளையாட்டு

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் கணினி விளையாட்டுகளைப் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. கோயில் திருவிழா, கட்சிச் சண்டை, மரண அறிவிப்பு இவற்றுக்கு நடுவில் விண்வெளிக் கப்பல் படத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, வாங்கி வைத்த ரொட்டி சானாய் ஆறிப்போகும் வரைக்கும் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் பழைய விண்வெளிப் போர் விளையாட்டுகளுக்கு நல்ல வாரிசு எது என்று அருமையான கேள்வியைப் போட்டுவிட்டு, எழுதியவர் சொன்ன பதில் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எத்தனை கிரகம், எத்தனை வகைக் கப்பல், படம் எவ்வளவு துல்லியம், இதைத்தான் அளந்திருக்கிறார். மாப்பிள்ளை பார்க்கப் போய் வீட்டின் சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தைக்காரன். பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எவ்வளவோ காலமாகிவிட்டது, எங்கள் வாயில் மட்டும் இன்னும் பெர்ஜுந்தைதான். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார், நான் செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் வேலை செய்கிறேன். 2000ஆம் ஆண்டு எங்கள் லயத்து வீட்டுக்கு ஒரு பழைய பெந்தியம் கணினி வந்தது. தோட்டத்துக் கிராணியின் மகன் பல்கலைக்கழகம் போகும்போது புதிது வாங்கிக்கொண்டு பழையதை விற்றார், அப்பா தவணையில் வாங்கினார். அண்ணனுக்கு அந்த வருடம் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு, படிக்கத்தான் வாங்கிக் கொடுத்தார், பாவம். அந்த வாரமே பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மூன்று சிடி 15 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கி வந்தோம். திருட்டு சிடிதான், மறைத்து என்ன ஆகப்போகிறது, பின்னாளில் சம்பாதிக்க ஆரம்பித்ததும் அதே விளையாட்டை முறையாகக் காசு கொடுத்து இணையத்தில் வாங்கிவிட்டேன். அதுதான் ஃப்ரீஸ்பேஸ் 2 என்ற விண்வெளிப் போர் விளையாட்டு.

ஒரு கணினி, கப்பலைத் திருப்பும் கைப்பிடியான ஒரு ஜாய்ஸ்டிக், இரண்டு பையன்கள். ஜாய்ஸ்டிக் அண்ணன் கையில். 15 பின் உள்ள பழைய பிளக், சவுண்ட் கார்டின் பின்னால் செருக வேண்டும், கொஞ்சம் ஆட்டினால் கப்பல் தானாக இடது பக்கம் சாயும். என் கையில் கீபோர்டு. அம்புக்குறி பட்டன்களுக்கு மேலே ஆறு பட்டன் இருக்குமே, இன்சர்ட், டெலீட், ஹோம், எண்ட், பேஜ் அப், பேஜ் டவுன், அந்த ஆறும் என் பொறுப்பு. முதல் ஜோடி துப்பாக்கிக்கு, நடு ஜோடி அடி தாங்கும் கவசமான ஷீல்டுக்கு, மூன்றாவது எஞ்சினுக்கு. கப்பலில் இருக்கும் சக்தி ஓர் அளவுதான். எஞ்சினுக்குக் கூட்டினால் மற்ற இரண்டும் குறையும். ஷீல்டுக்குக் கூட்டினால் சுட முடியாமல் திணற வேண்டியதுதான். "எஞ்சினுக்குப் போடுடா!" என்று அண்ணன் கத்துவான், போடுவேன், அடுத்த நொடி பின்னால் ஏவுகணை வரும், "ஷீல்டு, ஷீல்டு, செவிடா!" என்பான். பலகைச் சுவர், பக்கத்து வீட்டில் இருமினாலே இங்கே கேட்கும். அதிலும் அந்த விளையாட்டில் எதிரிகளின் பெயர் ஷிவன்கள். அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் "ஷிவனைச் சுடு, ஷிவனைச் சுடு" என்று கத்த, விளக்கேற்றிக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அழிக்கும் கடவுளின் பெயரைத்தான் கதைக்காரர்கள் வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் விளக்கியது எடுபடவே இல்லை.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அந்த ஆறு பட்டனில்தான் என் பதிலே இருக்கிறது. அப்பாவின் சம்பளமும் அப்படித்தான், கடைக் கடன் ஒரு பக்கம் இழுக்கும், பள்ளிச் செலவு ஒரு பக்கம், கோயில் வரி ஒரு பக்கம், ஒன்றை நிறைத்தால் இன்னொன்று ஒழுகும். அந்தப் பழைய விளையாட்டுகளின் உயிர் இந்தப் பற்றாக்குறைதான். சக்தி போதாது, நேரம் போதாது, ஆள் போதாது, எல்லாரையும் காப்பாற்ற முடியாது. யாரை விட்டுவிடப் போகிறாய் என்று ஒவ்வொரு நிமிடமும் கேட்டுக்கொண்டே இருக்கும். வாரிசு என்று எவன் வந்து நின்றாலும் நான் இதை வைத்துத்தான் பார்ப்பேன்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 1990இல் விங் கமாண்டர் வந்தது, கிறிஸ் ராபர்ட்ஸ் செய்தது. நான் அதை வெகு காலம் கழித்துத்தான் விளையாடினேன். இன்றைக்குப் பார்த்தால் கப்பல்கள் அட்டையில் வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கும், வேகமான கணினியில் போட்டால் எல்லாம் தலைதெறிக்க ஓடும், வேகத்தைக் குறைத்துத்தான் விளையாட வேண்டும். ஆனால் உங்களோடு பறக்கும் துணை விமானிக்கு ஒரு பெயர் உண்டு, முகம் உண்டு. புறப்படுவதற்கு முன்னால் பாரில் உட்கார்ந்து உங்களிடம் பேசுவார். வெளியே போய் நீங்கள் அவரைக் கவனிக்காமல் உங்கள் பதக்கத்துக்காக எதிரியைத் துரத்திக்கொண்டிருந்தால் அவர் செத்துப்போவார். விண்வெளியில் ஓர் இறுதிச் சடங்கு காட்டுவார்கள், அதற்கப்புறம் அவர் வரவே மாட்டார். அவரோடு சேர்ந்து போக வேண்டிய மிஷனுக்கு, அதாவது போர்ப் பணிக்கு, தனியாகப் போக வேண்டும். மிஷன்களில் தோற்றுக்கொண்டே போனாலும் ஆட்டம் முடியாது, கதை தோல்விப் பாதைக்குத் திரும்பும், கடைசியில் உங்கள் கப்பற்படை பின்வாங்கி ஓடும். ஒரு விளையாட்டு நம்மைத் தோற்கவிட்டு, தோற்றவன் கதையையும் மரியாதையாகச் சொல்லி முடிக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஸ்டார் வார்ஸ் கதையை வைத்து 1994இல் வந்த டை ஃபைட்டரில் நீங்கள் கெட்டவர்கள் பக்கம், பேரரசின் விமானி. ஆரம்பத்தில் கொடுக்கும் கப்பல்களில் ஷீல்டே கிடையாது, சில அடி வாங்கினால் தீர்ந்தது. மேலிடத்துக்கு நீங்கள் ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஃப்ரீஸ்பேஸ் 2க்கு வருகிறேன். வந்தது 1999. இதில் உங்களுக்குப் பெயர்கூட இல்லை. ஆல்ஃபா 1, அதுதான் நீங்கள். முதல் பாகத்தின் முடிவில் பூமிக்குப் போகும் வழி அடைபட்டுவிடுகிறது, இரண்டாம் பாகம் அதற்கு 32 வருடம் கழித்து நடக்கிறது. பூமியைப் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்து, பார்க்காத ஊருக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் தாத்தா சேலத்துப் பக்கம் இருந்து கப்பலேறி வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. அப்பா சேலத்தைப் பார்த்ததில்லை, ஆனால் ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றித் தான் குடித்த மாதிரியே பேசுவார். அந்தக் கதையில் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது என்றால் நீங்கள் சிரிக்கக்கூடாது.

அதில் நெபுலா என்னும் விண்வெளிப் புகைமேகத்துக்குள் போகும் மிஷன்கள் இருக்கின்றன. சுற்றிலும் புகை, கொஞ்ச தூரத்துக்கு மேல் எதுவும் தெரியாது, ரேடார் பாதி நேரம் குழம்பும். மின்னல் வெட்டும், அந்த ஒரு நொடியில் எதிரே ஒரு பெரிய கறுப்பு உருவம் தெரியும், நம் கப்பலா எதிரியா என்று புரிவதற்குள் மறுபடி புகை மூடிவிடும். அதிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து அப்பா பனிமூட்டத்தில் காட்டுக்குள் போகும்போது நெற்றி விளக்கு மட்டும் மரத்துக்கு மரம் தாவிப் போகும், ஆள் தெரியாது. எனக்கு அந்தப் பயம் பழக்கமானது. இதைச் செய்ய 1999இல் அவர்களிடம் பெரிய கிராஃபிக்ஸ் ஒன்றும் கிடையாது, புகை மட்டும்தான் இருந்தது.

அப்புறம் கொலோசஸ். (25 வருடம் ஆகிவிட்டது, கதையைச் சொல்லிவிட்டானே என்று யாரும் சண்டைக்கு வரமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.) 20 வருடம் கட்டிய போர்க்கப்பல், உள்ளே 30,000 பேர். அதைவிட மோசமான ஷிவன் கப்பல் ஒன்று வருகிறது, சத்தானாஸ் என்று பெயர். அதன் முகப்பில் நான்கு பீம் பீரங்கிகள். நீங்கள் சின்னக் கப்பலில் போய் அந்த நான்கையும் உடைக்க வேண்டும், உடைத்தால்தான் கொலோசஸ் அதை எதிர்த்து நின்று அடிக்க முடியும். உடைத்தோம். கொலோசஸ் ஜெயித்தது. அண்ணனும் நானும் அன்றைக்குத் தூங்கவே இல்லை. சில மிஷன் கழித்து இரண்டாவது சத்தானாஸ் வருகிறது, கூடவே இன்னும் எத்தனையோ வருகின்றன என்று தெரிகிறது, கொலோசஸ் உடைகிறது. எப்படி ஓட்டினாலும் உடைகிறது. அண்ணன் அதை ஐந்து தடவை திரும்பத் திரும்ப விளையாடினான், ஏதாவது வழி இருக்கும், நாம்தான் சரியாகச் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே. ஆறாவது தடவை ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்துகொண்டான்.

இப்போது உங்கள் கட்டுரையாளர் வாரிசு என்று காட்டியவர்களைப் பார்ப்போம்.

எலீட் டேஞ்சரஸ், 2014. நம் பால்வீதியையே உள்ளே வைத்திருக்கிறார்கள், 40,000 கோடி நட்சத்திர மண்டலம். பிரம்மாண்டம், மறுக்கவில்லை. அதன் மூத்தது, 1984இல் வந்த எலீட், 32 கேபி நினைவகம் உள்ள கணினியில் ஓடியது, அதிலும் 8 அண்டம், ஒவ்வொன்றிலும் 256 கிரகம். ஆக அந்தக் குடும்பத்தில் பெரிதாக இருப்பது பரம்பரைக் குணம், அந்த வரிசைக்கு அது நியாயமான வாரிசுதான். ஆனால் அது வியாபாரியின் விளையாட்டு. நான் எங்கேயாவது போகாமல் இருந்தால் அங்கே யாரும் சாகப்போவதில்லை. ஷிப்ட் முடிந்து குளித்துச் சாப்பிட்டு உட்காருகிறவனுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, அதில் பாதி பயணத்திலேயே போய்விடும். தனியாக விளையாடினாலும் இணையம் வேண்டும். இணையம் இல்லாமல் விளையாடலாம் என்று முதலில் சொல்லிவிட்டு, வெளியீட்டுக்குச் சில வாரம் முன்னால் கைவிட்டார்கள். எங்கள் டாமானில் (குடியிருப்பில்) மழை தூறினாலே இணையம் போய்விடும், அதனால் எனக்கு அந்தச் செய்தி சின்ன விஷயமில்லை.

ஸ்டார் சிட்டிசன் விஷயம் இன்னும் விசேஷம். விங் கமாண்டர் செய்த அதே கிறிஸ் ராபர்ட்ஸ், 2012இல் மக்களிடம் பணம் கேட்டு ஆரம்பித்தார், முதலில் சொன்ன வருடம் 2014. மக்கள் கொடுத்த பணம் 70 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டிப் போய்விட்டது. கதையோடு வர வேண்டிய பகுதிக்கு 2026 என்று 2024இல் நாள் குறித்தார்கள். அப்பனே வந்து நான்தான் என் வாரிசு என்று நிற்கும்போது நாம் என்ன சொல்வது? திறமை இல்லை என்று சொல்லமாட்டேன், கப்பலுக்குள் எழுந்து நடந்து போய்க் கதவைத் திறக்கலாம், பார்க்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் எதையும் விட்டுக்கொடுக்க மனமில்லாதவர் செய்யும் வேலை அது. கதவும் வேண்டும், கிரகமும் வேண்டும், காபிக் கோப்பையும் வேண்டும். கையில் இருப்பது போதாமல் செய்த விங் கமாண்டர் அன்றைக்கு வந்து சேர்ந்தது, அதுதான் வித்தியாசம்.

ஸ்டார் வார்ஸ்: ஸ்குவாட்ரன்ஸ், 2020. இதன் மேல் எனக்குப் பிரியம் உண்டு. விமானி அறைக்குள் இருந்துதான் பார்க்க முடியும், வெளியிலிருந்து பார்க்கும் வசதியே கிடையாது, நல்ல பிடிவாதம். சக்தியை எஞ்சின், லேசர், ஷீல்டு என்று பிரிக்கும் பழைய வழக்கத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். முதல் தடவை எஞ்சினுக்குச் சக்தியைத் திருப்பியபோது என் விரல் தானாகப் பேஜ் அப் பட்டனைத் தேடிப் போனது. ஆனால் கதைப் பகுதியில் கூட வருகிறவர்கள் கப்பல் கொட்டகையில் நின்று தங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்கிறார்கள், வெளியே போனால் அவர்கள் உயிர் என் கையில் இல்லை. கதைக்காரர் எழுதிய படிதான் நடக்கும். நான் கவனக்குறைவாக இருந்ததால் ஒருவர் செத்தார் என்ற குற்ற உணர்ச்சி எனக்கு வரவேயில்லை. அப்புறம் மிச்சமெல்லாம் ஐந்து பேருக்கு ஐந்து பேர் இணையத்தில் மோதுவது. அதற்குக் கை வேகம் வேண்டும், எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. பாதி வாரிசு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓவர்லோட் என்று 2018இல் ஒன்று வந்தது, உங்கள் கட்டுரையில் அது இல்லவே இல்லை. 1995இல் சுரங்கத்துக்குள் பறந்து சுடும் டிசென்ட்டைச் செய்தவர்களே திரும்ப வந்து செய்தது. புதிதாக எதையும் நிரூபிக்க முயலாமல், சுரங்கம், இருட்டு, தலைகீழாகத் திரும்பி வழி மறந்துபோகும் மயக்கம், இதை மட்டும் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள். சின்ன வேலை, சரியான வேலை.

எனக்குத் தெரிந்த உண்மையான வாரிசு எந்தக் கடையிலும் பெட்டியில் விற்கவில்லை. ஃப்ரீஸ்பேஸ் 2க்கு விமர்சகர்கள் கொடுத்த பாராட்டுக்குக் குறைவில்லை, விற்பனைதான் படுத்துவிட்டது. மூன்றாவது பாகம் வரவில்லை. 2002இல் அதைச் செய்த வோலிஷன் நிறுவனம் மூல நிரலை எல்லாருக்கும் திறந்துவிட்டது. அன்றிலிருந்து விளையாடியவர்களே, சம்பளம் இல்லாமல், அதைப் பழுது பார்த்து, புதுக் கணினியில் ஓட வைத்து, படத்தை மெருகேற்றி, புதுக் கதைகளைச் சேர்த்து வருகிறார்கள். முதல் பாகத்தின் கதையையே இரண்டாம் பாகத்தை ஓட்டும் மென்பொருளில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வோலிஷன் நிறுவனத்தையே 2023இல் மூடிவிட்டார்கள், விளையாட்டு மூடவில்லை. ரப்பர் கன்றில் ஒட்டுக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேர் பழைய கன்றுடையது, மொட்டு வேறு மரத்தினுடையது, கட்டுப் பிடித்துவிட்டால் அப்புறம் எது எதனுடையது என்று யாரும் கேட்பதில்லை, பால் வந்தால் சரி. எந்த நிறுவனம் புதிதாக ஒன்றைச் செய்ய வந்தாலும் முதலில் இவர்கள் எதைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்க்க வேண்டும். படத்தை மாற்றியிருக்கிறார்கள், ஒலியை மாற்றியிருக்கிறார்கள். கொலோசஸைக் காப்பாற்ற வழி வைக்கவில்லை.

ஜாய்ஸ்டிக் இல்லாமல் இந்த மாதிரி விளையாட்டு செல்லாது என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியதிலும் எனக்கு உடன்பாடில்லை. நல்ல ஜாய்ஸ்டிக் இன்றைக்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியுமா? 2003இல் வந்த ஃப்ரீலான்சரை மவுஸை வைத்தே ஓட்டினோம், ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கடைசியாக ஒன்று. போன பள்ளி விடுமுறையில் என் மகன், வயது பதின்மூன்று, கைப்பேசியில் சார்ஜ் இல்லாத ஒரு நாளில் நான் விளையாடுவதை வந்து பார்த்தான். பாதியில் "தள்ளுங்கப்பா" என்று ஜாய்ஸ்டிக்கை வாங்கிக்கொண்டான். என் மடிக்கணினியில் அந்த ஆறு பட்டன் வரிசையாக இல்லை, ஸ்டோரிலிருந்து பழைய கீபோர்டைத் தூசி தட்டி எடுத்து வந்து மாட்டினேன். அவன் ஓட்ட, நான் பட்டன். ஆரம்பத்தில் "இந்தக் கப்பல் போயிடுச்சு, ரீஸ்டார்ட் பண்ணலாம்பா" என்றான். அடுத்த வாரம் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. கொலோசஸ் உடைந்த அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை, கைப்பேசியையும் எடுக்கவில்லை.

கடைசி மிஷனில் ஒரு சூரியன் வெடிக்கப் போகிறது. மக்களை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் வரிசையாகத் தப்பிக்கின்றன, நாம் காவல். கொஞ்ச நேரத்தில் நமக்கும் திரும்பி வரச் சொல்லி உத்தரவு வரும், அப்போது ஓடினால் பிழைக்கலாம், நின்றால் முடிந்தது. உத்தரவு வந்ததும் நான் பழக்கத்தில் இருந்த சக்தி எல்லாவற்றையும் எஞ்சினுக்குத் தள்ளினேன். அவன் ஒரு கையை ஜாய்ஸ்டிக்கிலிருந்து எடுத்து என் விரலைப் பட்டனிலிருந்து விலக்கினான். "இன்னும் ஒரு கப்பல் இருக்குப்பா. துப்பாக்கிக்குப் போடுங்க." போட்டேன். அந்தக் கப்பல் தப்பித்ததா என்று பார்ப்பதற்குள் திரை வெள்ளையாகிவிட்டது. முடிவில் தளபதி பேசும்போது திரும்பி வராத விமானியைப் பற்றிச் சொல்வார், எனக்கு அந்த முடிவு இருக்கிறது என்று படித்துத்தான் தெரியும், பார்த்தது அன்றைக்குத்தான்.

பையன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "பெரியப்பா இதை எப்படி முடிச்சாரு?" என்று கேட்டான். அண்ணன் இப்போது ஜோகூர் பாருவில் இருக்கிறான், அப்போதே போன் போட்டோம். கேள்வியைக் கேட்டதும் அந்தப் பக்கம் டிவி சத்தம் மட்டும் கேட்டது.

"நான் ஓடி வந்துட்டேன்டா," என்றான். "ரெண்டு தடவையும்."

இப்படிக்கு,
செம்பனை ஆலைத் தொழிலாளி ஒருவர்,
பத்தாங் பெர்ஜுந்தை (பெஸ்தாரி ஜெயா), சிலாங்கூர்.